தரையில ஓதமா? டைல்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வீட்டுக் கடன் பத்தி நம்ம சேனல்ல நிறையப் பேசியாச்சு. வட்டி விகிதம், பார்ட் பேமென்ட், பழைய வரி முறையா புதிய வரி முறையா எல்லாம் பார்த்தாச்சு. ஆனா வீடு வாங்கி ரெண்டு மூணு வருஷத்துல, நீங்க போட்ட எந்த எக்செல் ஷீட்லயும் இல்லாத ஒரு செலவு வந்து நிக்கும். இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம். தரை ஓதம்.

ஐப்பசி, கார்த்திகை வந்தா தரைத்தளத்துல இருக்கிறவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். காலையில எழுந்து கால் வெச்சா தரை பிசுபிசுன்னு இருக்கும். டைல்ஸ் இணைப்புகள்ல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். துடைச்சா போயிடும், ரெண்டு நாள்ல திரும்ப வரும். தரையில போட்ட மெத்தையைத் தூக்கினா அடியில ஈரம். பிளைவுட் பீரோவோட அடிப்பகுதி உப்பிப் போயிருக்கும். சுவர்ல தரையில இருந்து ரெண்டடி உயரத்துக்கு பெயின்ட் கொப்புளமா எழும்பி உதிரும். வீட்ல குழந்தைக்கு வீசிங் இருந்தா, அந்த மூணு மாசம் பூஞ்சை வாடையோட போராட்டம் தான்.

உடனே நாம என்ன பண்றோம்? ஒரு மேஸ்திரியைக் கூப்பிடுறோம். அவர் பார்த்துட்டு, "சார், பழைய டைல்ஸ் சரியில்லை. எல்லாத்தையும் எடுத்துட்டு நல்ல விட்ரிஃபைட் போட்டுடலாம்"னு சொல்றார். கையில பணம் இல்லை, பேங்க் ஆப்ல "உங்களுக்கு 3 லட்சம் பர்சனல் லோன் ரெடி"ன்னு மெசேஜ் இருக்கு. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுடுறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். தரை ஓதத்துக்கு டைல்ஸ் மாத்துறது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை மாத்துற மாதிரி. தண்ணி எங்க இருந்து வருதுன்னு தெரியாம ஒரு ரூபாய் கூட தரை மேல செலவு பண்ணாதீங்க, கடன் வாங்கி நிச்சயமா பண்ணாதீங்க. நான் சிவில் இன்ஜினியர் இல்லை, ஆடிட்டர். ஆனா எந்தச் செலவுக்கும் முன்னாடி காரணத்தைக் கேட்கிறது தான் என் தொழில். அதனால இதை அந்தக் கண்ணோட பார்ப்போம்.

தண்ணி எப்படி மேல வருது?

கான்கிரீட் பார்க்க கல்லு மாதிரி இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய இருக்கு. விளக்குத் திரி எண்ணெயை மேல இழுக்கிற மாதிரி, அந்தத் துளைகள் வழியா மண்ணுல இருக்கிற ஈரம் மேல ஏறும். மேல வந்த தண்ணி ஆவியாகிடும், அதுல கரைஞ்சிருந்த உப்பு அங்கேயே தங்கிடும். நீங்க பார்க்கிற அந்த வெள்ளைப் பொடி அதுதான்.

சாதாரண வீட்ல தரை எப்படிப் போடுறாங்க? பேஸ்மட்டம் கட்டி, உள்ளே மண்ணோ கிராவலோ கொட்டி இறுக்கி, மேல ஜல்லி கான்கிரீட், அதுக்கு மேல சிமென்ட் கலவை, அப்புறம் டைல்ஸ். இதுல மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல 250 மைக்ரான் தடிமன்ல ஒரு பாலித்தீன் ஷீட் விரிச்சிருந்தா ஈரம் அங்கேயே நின்னுடும். கட்டும்போது இதுக்குச் சதுர அடிக்குச் சில ரூபாய் தான் ஆகும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சில ஆயிரம். பல வீடுகள்ல இதைப் போடுறதே இல்லை. ஏன்னா வாங்குறவங்க யாரும் கேட்கிறதில்லை. மாடுலர் கிச்சன் என்ன பிராண்டுன்னு கேட்போம், தரைக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்க மாட்டோம்.

ரெண்டாவது காரணம் இடம். சென்னைக்கு வருஷ மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அந்த மூணு மாசத்துல நிலத்தடி நீர் மட்டம் வேகமா மேல வரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுத்தி இருக்கிற பகுதிகள், வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தாழ்வான இடங்கள்ல ஒரு சின்னக் குழி தோண்டினாலே தண்ணி தெரியும். 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். வெள்ளம் வர்ற வருஷம் டிவியில வரும். ஓதம் எந்த நியூஸ்லயும் வராம வருஷா வருஷம் வரும்.

மூணாவது காரணம் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே திரும்பத் திரும்பத் தார் போட்டதால, பல தெருக்கள்ல வீட்டு வாசலை விட ரோடு உயர்ந்து போச்சு. கட்டும்போது ரெண்டடி உயரத்துல இருந்த தரை, இன்னைக்கு ரோட்டு மட்டத்துக்கே வந்துடுச்சு. மழைத்தண்ணி எங்க போகும்? உங்க சுவரை ஒட்டித்தான் நிக்கும்.

நூறு ரூபாய் டெஸ்ட்

ஈரம்னா எல்லாமே நிலத்துல இருந்து வர்றது இல்லை. மூணு வாய்ப்பு இருக்கு. ஒண்ணு, நிலத்து ஈரம். ரெண்டு, பைப் அல்லது சம்ப் கசிவு. மூணு, காத்துல இருக்கிற ஈரப்பதம் குளிர்ந்த தரையில படியுறது. மூணுக்கும் வைத்தியம் வேற, செலவும் வேற. எதுன்னு கண்டுபிடிக்க ஆகிற செலவு நூறு, இருநூறு ரூபாய் தான்.

முதல் டெஸ்ட்: ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு தெளிவான பாலித்தீன் ஷீட் எடுத்துக்கங்க. தரையை நல்லாத் துடைச்சுக் காய விட்டு, வெயில் நேராப் படாத இடத்துல, ரெண்டு மூணு டைல்ஸ் இணைப்பு உள்ளே வர்ற மாதிரி ஷீட்டை விரிச்சு, நாலு பக்கமும் காத்துப் போகாம டேப் ஒட்டுங்க. வெறும் கான்கிரீட்னா 16 மணி நேரம் போதும். டைல்ஸ் தரைன்னா ரெண்டு நாள் விடுங்க. அப்புறம் பாருங்க. ஷீட்டுக்கு அடியில நீர்த்துளி இருந்தா ஈரம் கீழ இருந்து வருது. ஷீட்டுக்கு மேல ஈரம், அடியில காய்ஞ்சிருக்குன்னா அது காத்தோட ஈரப்பதம். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே குறையும். அதுக்கு டைல்ஸை உடைக்க வேண்டாம்.

ரெண்டாவது டெஸ்ட்: ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, மோட்டார் போடாம, சம்ப்லயும் மேல்நிலைத் தொட்டியிலயும் தண்ணி மட்டத்தை சாக்பீஸால குறிச்சு வைங்க. காலையில மட்டம் குறைஞ்சிருந்தா கசிவு இருக்கு. அது பிளம்பர் வேலை.

மூணாவது டெஸ்டுக்குக் காசே வேண்டாம், காலண்டர் போதும். மே மாசத்துலயும் தரை ஈரமா இருந்தா முதல்ல பைப் கசிவைச் சந்தேகப்படுங்க. அக்டோபர்ல ஆரம்பிச்சு ஜனவரி, பிப்ரவரியில தானா காய்ஞ்சா அது நிலத்து ஈரம். அதனால தான் சொல்றேன், ஒரு வருஷமாவது வீட்டைக் கவனிங்க. எந்த ரூம்ல, எந்த மாசம், எவ்வளவு உயரம்னு ஃபோன்ல தேதியோட ஃபோட்டோ எடுத்து வைங்க. இந்த ஃபோட்டோக்கள் பின்னாடி பில்டர் கிட்டப் பேசும்போதும் உதவும்.

புது டைல்ஸ் போட்டா என்ன ஆகும்?

விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணியைக் குடிக்காது, அது உண்மை. ஆனா கீழ இருந்து வர்ற ஈரம் அதனால நின்னுடாது, வழியை மாத்திக்கும். முதல்ல இணைப்புகள் வழியா வரும். இணைப்பை எபாக்ஸி போட்டு அடைச்சா ஸ்கர்ட்டிங் பக்கம் போகும். அதையும் அடைச்சா சுவர்ல ஏறும். போன வருஷம் தரையில இருந்த பிரச்சினை இந்த வருஷம் பெயின்ட்ல இருக்கும். நீங்க ரெண்டாவது கான்ட்ராக்டரைக் கூப்பிடுவீங்க.

மேடவாக்கம் பக்கம் தரைத்தளத்துல இருக்கிற ஒரு கிளையன்ட், கணவன் மனைவி ரெண்டு பேரும் ஐடி. வரித் தாக்கலுக்கு வந்தப்போ, "இந்த ரிப்பேர் லோன் வட்டியைக் காட்ட முடியுமா?"ன்னு பில்களை நீட்டினாங்க. முதல் வருஷம் ஹால்ல டைல்ஸ் மாத்தியிருக்காங்க. அடுத்த வருஷம் பெட்ரூம்ல எபாக்ஸி. மூணாவது வருஷம் சுவர்ல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். மூணு கான்ட்ராக்டர், ரெண்டு லோன். ஒரு பில்லுல கூட "காரணம்"னு ஒரு வரி இல்லை. கடைசியில ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டினப்போ, அவர் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி வெளியே ஒரு சுத்து சுத்தியிருக்கார். மொட்டை மாடித் தண்ணி முழுக்க, பெட்ரூம் சுவரை ஒட்டி ஒன்றரை அடியில இருந்த மழைநீர்க் குழிக்குள்ள விழுந்துட்டு இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அஸ்திவாரத்துக்கு அவங்களே தண்ணி ஊத்திட்டு இருந்திருக்காங்க. பைப்பைத் திருப்பி, குழியைத் தள்ளி அமைச்சு, சுவரைச் சுத்தி சரிவா கான்கிரீட் போட்டாங்க. ஓதம் முழுசாப் போயிடலை, அடுத்த கார்த்திகையிலயும் ஒரு மூலையில கொஞ்சம் இருந்தது. ஆனா மெத்தையைத் தரையில போட்டுத் தூங்க முடிஞ்சது. முன்னாடி பண்ண மூணு செலவுல எதையும் விட இது குறைவு.

தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதை மூடச் சொல்லலை. சுவரை விட்டுத் தள்ளி வைங்கன்னு தான் சொல்றேன்.

எந்த வரிசையில செலவு பண்ணணும்?

என் விதி இது தான்: வெளியே இருந்து உள்ளே, மலிவுல இருந்து விலைக்கு.

முதல் படி, வீட்டுக்கு வெளியே. மொட்டை மாடிப் பைப் தண்ணி எங்க விழுது? சுவரை ஒட்டிச் செடிப் பாத்தி இருக்கா, தினமும் தண்ணி ஊத்துறீங்களா? வீட்டைச் சுத்தி இருக்கிற மண்ணு உள்ளே இருக்கிற தரையை விட உயரமா இருக்கா? மண்ணைச் சரிச்சு, சுவரை விட்டு வெளியே சாய்வு வர்ற மாதிரி ரெண்டு மூணடி அகலத்துக்கு கான்கிரீட் போட்டா பாதி வேலை முடியும்.

ரெண்டாவது படி, கசிவுகள். சம்ப், பாத்ரூம், சாக்கடை பைப்.

மூணாவது படி, ஒரு மழைக்காலம் காத்திருங்க. இது தான் யாருக்கும் பிடிக்காத படி. ஆனா பணத்தைக் காப்பாத்துறது இது தான்.

நாலாவது படி, அப்பவும் தாங்க முடியலைன்னா தான் உள்ளே உடைக்கணும். உடைச்சா அரைகுறையா உடைக்காதீங்க. பழைய கலவையை எடுத்துட்டு, ஷீட் விரிச்சுப் புதுக் கான்கிரீட் போடலாம், இல்லை காய்ஞ்ச கான்கிரீட் மேல ஈரத்தடுப்பு எபாக்ஸி ரெண்டு கோட் அடிச்சு அதுக்கு மேல டைல்ஸ் போடலாம். தரை உயர்ந்தா கதவுகளை அறுக்கணும், வாசப்படி மாறும், அந்தச் செலவையும் முன்னாடியே கணக்குல எடுங்க. புதுக் கான்கிரீட் காய அவகாசம் வேணும். ஒரு அங்குல கனத்துக்குச் சுமார் ஒரு மாசம்ங்கிறது கட்டுமானத் தொழில்ல சொல்ற தோராயக் கணக்கு. "மூணு நாள்ல முடிச்சுடுறோம் சார்"னு சொல்றவர் உங்க தரைக்குள்ளயே ஈரத்தைப் பூட்டி வெச்சுட்டுப் போறார்.

இன்னொரு வழியும் இருக்கு, அதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். சும்மா இருக்கிறது. வருஷத்துல ரெண்டு மாசம் லேசான ஈரம், சுவர்ல ஏறலை, வீட்ல யாருக்கும் மூச்சுப் பிரச்சினை இல்லைன்னா, கட்டில் வாங்கிப் போட்டு, பீரோவுக்கு அடியில ஸ்டாண்ட் வெச்சு, சுவரை விட்டு நாலு அங்குலம் தள்ளி வெச்சு, உப்பைத் துடைச்சுட்டு வாழலாம். வினைல் ஷீட், லேமினேட் மரத்தரை மட்டும் போட்டுடாதீங்க, ஈரம் அடியில மாட்டிக்கிட்டு ஊறிப் போகும்.

"இப்படியே விட்டா பில்டிங்கே விழுந்துடும்"னு பயமுறுத்துறவங்களும் உண்டு. பில்லர் வெச்சுக் கட்டின வீட்ல உங்க தரை கட்டடத்தைத் தாங்குறது இல்லை, அதுவே மண்ணு மேல தான் உட்கார்ந்திருக்கு. ஆனா பில்லரோட அடியில நெடுக்க விரிசல், துருப்பிடிச்ச கம்பி தெரியுதுன்னா அது வேற விஷயம். அங்க தாமதிக்காதீங்க. மேஸ்திரி கிட்ட இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கிட்டப் போங்க. அந்த ஃபீஸ் வீண் செலவு இல்லை.

வேலை ஏப்ரல், மே மாசத்துல நடக்கட்டும். நிலம் காய்ஞ்சிருக்கும். கான்ட்ராக்டர் கிட்ட எழுத்துல ஒப்பந்தம் போட்டு, பேங்க் வழியா மட்டும் பணம் கொடுங்க. மொத்தத்துல 15-20 சதவீதத்தைப் பொங்கல் முடிஞ்சு தான் தருவேன்னு முதல்லயே பேசிடுங்க. ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டாத வாட்டர்ப்ரூஃபிங் வேலை முடிஞ்ச வேலை இல்லை. "10 வருஷ வாரன்டி"ன்னா அது மெட்டீரியலுக்கா, வேலைக்கான்னு கேளுங்க. டப்பாவுக்கு வாரன்டி இருந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்?

கடன் வாங்கித்தான் ஆகணும்னா

முதல் மூணு படிக்கும் பெரும்பாலும் கடன் தேவைப்படாது. நாலாவது படிக்கு 3 லட்சம் ஆகுதுன்னு வெச்சுப்போம். வட்டி விகிதம் உங்களுக்கு மாறும், கணக்கு புரியுறதுக்காக ஒரு எண் எடுத்துக்கிறேன்.

பர்சனல் லோன், 14 சதவீதம், 3 வருஷம்: இஎம்ஐ சுமார் ரூ.10,250. மொத்த வட்டி சுமார் ரூ.69,000.

வீட்டுக் கடன் டாப்-அப், 9 சதவீதம், 3 வருஷம்: இஎம்ஐ சுமார் ரூ.9,540. மொத்த வட்டி சுமார் ரூ.43,000.

அதே டாப்-அப், 9 சதவீதம், 15 வருஷம்: இஎம்ஐ சுமார் ரூ.3,040 தான். ஆனா மொத்த வட்டி சுமார் ரூ.2,48,000.

மூணாவது வரியைத் திரும்பப் படிங்க. மாசம் மூவாயிரம் தானேன்னு கையெழுத்துப் போட்டா, 3 லட்ச ரூபாய் தரைக்கு ஐந்தரை லட்சம் கட்டுறீங்க. அந்தத் தரை 15 வருஷம் தாங்குமான்னு கூடத் தெரியாது. டாப்-அப் நல்லது தான், ஆனா தவணைக் காலத்தைச் சுருக்கி வாங்குங்க. அதை விட நல்லது, ஒரு மழைக்காலம் காத்திருக்கிற அந்த ஒரு வருஷத்துல மாசம் பத்தாயிரம் ஆர்.டி. போடுறது. அடுத்த ஏப்ரல்ல கையில ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும். கடன் 3 லட்சத்துக்குப் பதிலா 2 லட்சத்துக்குள்ள நிக்கும். எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் இதுக்குத் தொடாதீங்க. ஓதம் நாளைக்கே வேலையைப் பறிக்காது.

வரிச் சலுகை கிடைக்குமா?

சுருக்கமா. நீங்களே குடியிருக்கிற வீடு, புதிய வரி முறையில இருக்கீங்கன்னா எந்தக் கழிவும் கிடையாது. பழைய முறைன்னா ரிப்பேருக்கு வாங்கின கடனோட வட்டிக்கு வருஷம் ரூ.30,000 வரைக்கும் கழிவு உண்டு. அதுவும் வீட்டுக் கடன் வட்டிக்கான அந்த 2 லட்ச உச்சவரம்புக்குள்ளயே அடங்கும், அதுக்கு மேல தனியா இல்லை. வீட்டுக் கடன் வட்டியே 2 லட்சத்தைத் தாண்டுறவங்களுக்கு இதனால பைசா பிரயோஜனம் இல்லை. பர்சனல் லோன்னாலும் பணம் ரிப்பேருக்குத் தான் போச்சுன்னு காட்ட பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேணும்.

வாடகைக்கு விட்ட வீடுன்னா, நீங்க ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணாலும் அஞ்சு லட்சம் பண்ணாலும், சொத்து வரி போக மீதி வாடகையில 30 சதவீதம் தான் கழிவு. அதனால "வரியில காட்டிக்கலாம் சார்"னு கான்ட்ராக்டர் சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க. அதுக்காகப் பில் வாங்காம இருக்காதீங்க, அது தான் நாளைக்கு உங்க சாட்சி.

இன்சூரன்ஸ்? வீட்டுக் காப்பீடு வெள்ளம், புயல் மாதிரி திடீர்னு நடக்கிற சேதங்களுக்கு. மெதுவா ஊறி வர்ற ஓதத்தை அதுல எதிர்பார்க்காதீங்க.

பில்டர் பொறுப்பு இல்லையா?

இருக்கு, ஆனா கடிகாரம் ஓடிட்டு இருக்கு. ரெரா சட்டம் 2016, பிரிவு 14-ன்படி, வீட்டை ஒப்படைச்ச தேதியில இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டமைப்புக் குறையோ, வேலைத் தரத்துல குறையோ தெரிவிச்சா, புரமோட்டர் 30 நாளுக்குள்ள இலவசமாச் சரிசெஞ்சு தரணும். இல்லைன்னா இழப்பீடு கேட்கலாம். இங்க நம்ம ஆளுங்க பண்ற தப்பு, முதல் மழைக்கே பில்டருக்கு ஃபோன் பண்ணிப் பேசிட்டு விட்டுடுறது. அவர் ஒரு பெயின்ட்டரை அனுப்புவார், ரெண்டு வருஷம் ஓடிடும். ஃபோன் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஃபோட்டோவோட ஈமெயில், பதில் இல்லைன்னா ரிஜிஸ்டர் தபால். அதுக்கு முன்னாடி நீங்களா டைல்ஸை உடைச்சுட்டா, "நீங்க வேலை பார்த்ததால தான் ஆச்சு"ன்னு கையை விரிச்சுடுவார்.

புறநகர்ல நாலு வீடு, ஆறு வீடுன்னு கட்டுற சின்ன புராஜெக்ட்கள் பலது ரெரா பதிவு தேவைப்படாத அளவுல இருக்கும். அங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு வழி. பொதுவா 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும், அதனால தள்ளிப்போடாதீங்க.

அடுக்குமாடியில தரைத்தள வீடுன்னா இன்னொண்ணு. நிலமும் அஸ்திவாரமும் உங்க ஒருத்தருக்கு மட்டும் சொந்தம் இல்லை, எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வெளியே பண்ற சரிவு, வடிகால், பைப் வேலைகளை அசோசியேஷன் செலவுல பண்ணச் சொல்லி மீட்டிங்ல எழுத்துல கேளுங்க. மூணாவது மாடிக்காரர் "எனக்கென்ன?"ன்னு கேட்பார். பில்லர் எல்லாருக்கும் பொதுன்னு அன்போட ஞாபகப்படுத்துங்க.

இன்னும் வாங்கலையா? உங்க கையில தான் துருப்புச் சீட்டு

வீடு தேடிட்டு இருக்கிறவங்களுக்குத் தான் இந்தப் பதிவுல அதிக லாபம். தரைத்தள வீடோ தனி வீடோ பார்க்கப் போனா இதைச் செய்யுங்க.

மே மாசத்துல பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. நவம்பர், டிசம்பர்ல ஒரு தடவை, அதுவும் மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்க. புதுசா பெயின்ட் அடிச்ச அடிச்சுவர், தரையை ஒட்டி மட்டும் புதுசா ஒட்டின டைல்ஸ் இருந்தா காரணம் கேளுங்க. நாணயத்தால டைல்ஸைத் தட்டுங்க, பொத்துன்னு சத்தம் வந்தா அடியில பிடிப்பு இல்லை. ரோட்டுக்கும் தரைக்கும் உயர வித்தியாசம் எவ்வளவுன்னு டேப் வெச்சு அளங்க. எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட "மழைக்கு இங்க எப்படிம்மா?"ன்னு கேளுங்க, புரோக்கர் சொல்லாததை எல்லாம் சொல்லுவாங்க. தாய்ப் பத்திரத்துல நிலம் நஞ்சைன்னு இருக்கா புஞ்சைன்னு இருக்கான்னு பாருங்க. நஞ்சைன்னா ஒரு காலத்துல வயல். வாங்கவே கூடாதுன்னு அர்த்தம் இல்லை, தரைக்கு அடியில என்ன பண்ணியிருக்காங்கன்னு கூடுதலாக் கேட்கணும்னு அர்த்தம்.

ஓதம் இருக்குன்னு தெரிஞ்சா ஓடிட வேண்டாம், விலையில பேசுங்க. இன்ஜினியர் கிட்ட ரிப்பேர் மதிப்பீடு எழுதி வாங்குங்க. 3 லட்சம்னு வந்தா அதை விலையில குறைக்கச் சொல்லுங்க. 8.5 சதவீத வட்டி, 20 வருஷக் கடன்ல 3 லட்சம் குறைஞ்சா மாசம் சுமார் ரூ.2,600 மிச்சம், மொத்தமா சுமார் 6.25 லட்சம். ஒரு பாலித்தீன் ஷீட்டும் ஒரு பக்க மதிப்பீடும் சம்பாதிச்சுத் தர்ற பணம் இது. வேற எந்த முதலீட்டுல இப்படிக் கிடைக்கும், சொல்லுங்க?

புதுசாக் கட்டுறவங்களுக்கு ஒரே வரி: ஒப்பந்தத்துல "தரைக் கான்கிரீட்டுக்கு அடியில 250 மைக்ரான் ஷீட், இணைப்புகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி டேப் ஒட்டி"ன்னு எழுதி வாங்குங்க. விரிக்கிற அன்னைக்கு நேர்ல நில்லுங்க. மூடின பிறகு யாரும் பார்க்க முடியாது.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு: ஓதம் உங்க செலவு இல்லை. கட்டமைப்பு ரிப்பேர் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குடி போகும்போதே சுவர், தரை ஃபோட்டோவை ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க. காலி பண்ணும்போது "பெயின்ட் உரிஞ்சிருக்கு"ன்னு அட்வான்ஸ்ல கை வைக்கிறப்போ அது தான் காப்பாத்தும்.

கடைசியா ஒண்ணு. சம்பளக்காரங்க நமக்கு வீடுங்கிறது வாழ்க்கையிலயே பெரிய செலவு. அதனால வீட்ல ஒரு குறைன்னா மனசு பதறுது, அந்தப் பதற்றத்துல முதல்ல வர்றவர் சொல்றதுக்குத் தலையாட்டிடுறோம். தரை பளபளன்னு ஆனா பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி, அது அடுத்த ஐப்பசி வரைக்கும் தான். ஈரத்துக்கு அவசரம் இல்லை, அது மெதுவாத்தான் ஏறுது. நீங்களும் அவசரப்படாதீங்க. இந்த வாரம் ஒரு ஷீட் வாங்கி ஒட்டுங்க, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் லோன் ஆப்பைத் திறக்கணுமா வேண்டாமான்னு உங்களுக்கே தெரியும்.

மூணு விதக் கடனுக்கும் வட்டிக் கணக்கைப் படிப்படியா எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன். அதுவரைக்கும் டைல்ஸ் கடைப் பக்கம் போகாதீங்க!